அடம் என்ற சொல்லைக் கைவிடுவோம்

எட்டு ஐந்துக்கு ஸ்கூல் வேன். எட்டு மணிக்கு என் மகன் ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு சாக்ஸ் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது. அவன் எறிந்தது. எடுத்து வந்து மாட்டிவிட்டேன். கழற்றி எறிந்தான். மறுபடி மாட்டினேன். மறுபடி எறிந்தான். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அடம் ஜாஸ்தியா இருக்குப்பா இவனுக்கு. ரெண்டு போட்டாத்தான் அடங்குவான்."

ஒன்பது மணிக்கு எனக்கு ஆபீஸில் ஒரு ரிலீஸ். போட்டேன். ரெண்டு இல்லை, ஒன்று. முதுகில்.

அடி வேலை செய்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் அழுகையைப் பாதியில் நிறுத்தினான். தானே போய் சாக்ஸை எடுத்து மாட்டினான், ஷூ போட்டான், பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தான். அத்தை என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த "பாத்தியா"வுக்கு நான் தாமதமாக எழுதும் பதில்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்தவன் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். ஏழு மணி வரை வெளியே வரவில்லை. அடுத்த பல வாரங்களுக்கு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையாவது எடுக்க நான் கையைத் தூக்கினால், பக்கத்தில் நிற்கும் அவனுடைய கை தானாகத் தலைக்கு மேலே போகும். அப்போது அவனுக்கு ஆறு வயது. ஆட்டிசம், கூடவே ஏடிஎச்டி என்று எழுதிய ரிப்போர்ட் ஒரு வருடமாக எங்கள் பீரோவில் இருந்தது. அதை நான் வரி விடாமல் படித்திருந்தேன். ஆகவே விவரம் தெரியாமல் அடித்த அப்பா என்ற சலுகை எனக்குக் கிடையாது. எல்லாம் தெரிந்தும், அந்த ஒரு நொடியில் எனக்கு அத்தை சொன்ன சொல்தான் உண்மையாகத் தெரிந்தது. அடம்.

அந்தச் சொல்லோடுதான் என் சண்டை.

*

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை எழுந்திருக்கவில்லை என்றால் அடம்பிடிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. மாவுக்கட்டு போட்டவன் மாடி ஏறாததும் அடம் இல்லை. ஒருவனால் முடியும், ஆனாலும் வேண்டுமென்றே செய்யாமல் இருக்கிறான் என்று நாம் முடிவு செய்த பிறகுதான் அடம் என்கிறோம். விசாரணை இல்லாமல் வந்த தீர்ப்பு அது. தீர்ப்பு வந்த பிறகு மிச்சம் இருப்பது தண்டனை மட்டும்தான். அதைக் கையால் கொடுக்கிறோமா, ஸ்டார் சார்ட்டால் கொடுக்கிறோமா என்பது அவரவர் வருமானத்தையும் படிப்பையும் பொறுத்தது.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. "முடியாது" என்ற சொல்லுக்கு என்னால் இயலாது என்றும் பொருள், செய்ய மறுக்கிறேன் என்றும் பொருள். ஆபீஸில் மேனேஜரிடம் "இன்னைக்குள்ள முடியாது சார்" என்றால் முதல் பொருள். வீட்டில் பிள்ளை "முடியாது" என்றால் உடனே இரண்டாவது பொருளுக்குத் தாவிவிடுகிறோம். "என்னடா முடியாது? வாய் நீளுதா?" இந்த "மாட்டேன்" கூடப் பழைய வழக்கில் இயலாமையைத்தான் குறித்தது. மாட்டாமை என்றால் இயலாமை என்றுதான் அகராதி சொல்கிறது. "பேச மாட்டாமல் நின்றாள்" என்று எழுதினால் இன்றும் நமக்கு அது புரிகிறது. பிள்ளைகளின் வாயில் மட்டும் அந்தப் பொருள் செத்துவிட்டது.

சாக்ஸுக்கு வருவோம். சாக்ஸின் முனையில், விரல்களுக்கு மேலே ஒரு தையல் ஓடும். உங்களுக்கும் எனக்கும் மாட்டிய சில நொடிகளில் மூளை அதை மறந்துவிடும். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளையும், ஃபேன் சத்தத்தையும் அப்படித்தான் மறக்கிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த மறத்தல் நடப்பதில்லை. அந்தத் தையல் காலையில் எப்படி உறுத்தியதோ அப்படியே பகல் பன்னிரண்டுக்கும் உறுத்திக்கொண்டிருக்கும். அதோடு மிக்சி சத்தம், குக்கர் விசில், பிரேயர் மைக்கின் கிரீச். இது வெளியிலிருந்து வருவது. உள்ளேயிருந்து வர வேண்டியது பல பிள்ளைகளுக்கு வந்து சேர்வதில்லை. பசி, தாகம், மூத்திரம் முட்டுவது, பயம், கோபம் எல்லாம் நமக்குத் தனித்தனியாகத் தெரியும். என் மகனுக்கு அவை எல்லாம் சேர்ந்து பெயர் இல்லாத ஒரே தவிப்பாக வரும். "ஏன்டா அழற?" என்று கேட்டால் அவன் பதில் சொல்லாததற்குக் காரணம் அழுத்தம் இல்லை. அவனுக்கே தெரியாது. பல நாள் பதில் ஒரு டம்ளர் தண்ணீராக இருந்திருக்கிறது.

"குளிச்சிட்டு வா" என்கிறோம். நமக்கு அது ஒரு வேலை. செய்துகொண்டிருப்பதை நிறுத்து, எழுந்திரு, துண்டைத் தேடு, உடையைக் கழற்று, குளிரைத் தாங்கு, தண்ணீரின் சூட்டைப் பார், சோப்பு வாசனையைப் பொறுத்துக்கொள், துவட்டு, வேறு உடையை எடு, போடு. இதைத் தொடர்ச்சியாகச் செய்ய மூளையில் ஒரு நிர்வாகத் திறன் வேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு ஓட்டை விழும் இடமே அதுதான். அவன் துண்டோடு பாதி வழியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் பார்ப்பது சோம்பேறித்தனம்.

சரி, பிடிக்காததைச் செய்ய மறுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். பிடித்ததை ஏன் மறுக்கிறான்? பெசன்ட் நகர் பீச்சுக்குப் போக வேண்டும் என்று ஒரு வாரம் என் மகன் தூங்கவிடவில்லை. போனோம். காரை நிறுத்தியதும் "இறங்க மாட்டேன்" என்றான். கடல் தெரிகிறது, அலைச் சத்தம் கேட்கிறது, அவன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிறான். அழுகையின் நடுவே "பீச்சுக்குப் போகணும், பீச்சுக்குப் போகணும்" என்கிறான். ஏதோ ஒரு லாபத்துக்காகச் செய்வதுதான் அடம் என்றால், இதில் அவனுக்கு என்ன லாபம்?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருந்த எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் 1980களிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனித்தார். அன்றாடக் கோரிக்கைகளே இவர்களுக்குப் பதற்றத்தைத் தூண்டுகின்றன, அதிலிருந்து தப்பிக்கவே இவர்கள் எல்லாவற்றையும் தவிர்க்கிறார்கள் என்றார். பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ், சுருக்கமாகப் பிடிஏ, என்ற அவருடைய பெயரிடல் 2003இல் மருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. டிஎஸ்எம்-5இலும் ஐசிடி-11இலும் இது தனிக் குறைபாடாக இல்லை. ஆட்டிசத்தின் ஒரு வடிவமா, பதற்றத்தின் விளைவா என்ற சர்ச்சை தொடர்கிறது. 'பேத்தலாஜிக்கல்' என்ற அடைமொழியை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் வெறுக்கிறார்கள். பெயரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கோரிக்கை என்பதே உடலுக்கு ஒரு ஆபத்தாகப் படலாம், அது நாமே விரும்பிய கோரிக்கையாக இருந்தாலும் கூட, என்று தெரிந்த அன்றுதான் பீச்சில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

*

நான் பேக்எண்ட் எஞ்சினியர். எனக்குப் பழகிய உதாரணம் ஒன்று. ஒரு சர்வருக்குத் தாங்க முடியாத லோடு வந்தால் அது 503 என்று பதில் அனுப்பும். இப்போதைக்கு என்னால் முடியாது என்று அர்த்தம். அப்போது கேட்டவர்கள் எல்லாம் திரும்பத் திரும்ப அதே ரெக்வெஸ்டை அனுப்பினால், தானாக எழுந்திருக்க வேண்டிய சர்வரும் மொத்தமாகப் படுத்துவிடும். ரீட்ரை ஸ்டார்ம் என்போம். அதனால் ஒருமுறை தோற்றால் ஒரு நொடி பொறு, அடுத்து இரண்டு, அடுத்து நான்கு என்று விலகி நிற்கும்படி எழுதுவது எங்கள் தொழிலில் பாலபாடம். நள்ளிரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் நான் லோடு எவ்வளவு என்று பார்ப்பேன். சர்வருக்குத் திமிர் என்று இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை.

வீட்டில்? ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன் ரெக்கார்டரை ஓடவிட்டேன். வேன் வரும் வரை நானும் மனைவியும் அவனுக்குப் போட்ட ஏவல்களை இரவில் உட்கார்ந்து எண்ணினேன். எழுந்திரு, பல்லு விளக்கு, வாயை மூடி மெல்லு, காலை ஆட்டாதே, நேரா உக்காரு, இங்க பாரு, சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம். 65 நிமிடத்தில் 52. அதில் 20க்கும் மேல் ஏற்கனவே சொன்னதையே திரும்பச் சொன்னது. நாளெல்லாம் எனக்கு இப்படி ஒருவர் கட்டளையிட்டால் மதியத்துக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்திருப்பேன். ஆறு வயதுக்காரன் யாரிடம் கொடுப்பான்?

*

இனி தண்டனை யாருக்குப் போகிறது என்று பார்ப்போம். முதலில் பிள்ளைக்கு. அடுத்து, தவறாமல், அம்மாவுக்கு.

1943இல் லியோ கேனர் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்பது தனி நிலையாக அறியப்பட்டது. கொஞ்ச காலத்திலேயே, அன்பு காட்டாத பெற்றோரால் வருவது இது என்ற எண்ணம் வேர்பிடித்தது. "ரெஃப்ரிஜிரேட்டர் மதர்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதி அதைப் பரப்பினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது வளர்ப்பில் வருவதல்ல, உயிரியல் சார்ந்தது என்று எழுதியிருந்தார். அறிவியல் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் வீட்டுக் கூடம் இன்னும் போகவில்லை.

"நீ வேலைக்குப் போறதாலதான்." "கர்ப்பமா இருக்கும்போது லேப்டாப்ப மடியில வச்சிருந்தியே." "ஒத்தப் பிள்ளையா வளர்த்தா இப்படித்தான்." "போனைக் கையில குடுத்துட்டீங்க." இப்போது 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒன்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அப்படி ஒரு நோய்க்குறிப்பு டிஎஸ்எம்-5இலும் இல்லை, ஐசிடி-11இலும் இல்லை. என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்ன யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வேலைக்குப் போகிறவன்தான். என் மடியிலும் லேப்டாப்தான்.

இதில் பள்ளியும் சேர்ந்துகொள்ளும். "இங்க ரொம்ப அமைதியா இருக்கான் மேடம். வீட்லதான் ஏதோ பிராப்ளம்." அவன் ஆறு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பயம் இல்லாத ஒரே இடமான வீட்டு வாசலில் கால் வைத்ததும் எல்லாம் உடைகிறது என்பதை மிஸ்ஸுக்கு எப்படிப் புரியவைப்பது? அவன் அம்மாவிடம் மட்டும் வெடிப்பதற்குக் காரணம் அம்மா சரியாக வளர்க்காதது அல்ல. வெடித்தாலும் விட்டுப் போகாத ஆள் அவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும்.

*

படித்தவர்கள் அடிக்க மாட்டார்கள், தெரபிக்கு அனுப்புவார்கள். நாங்களும் அனுப்பினோம். எங்களுக்கு வாய்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் என் மகனின் உடலை எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்கு முன்பு போன சென்டர் வேறு மாதிரி. சின்ன மேசை, சின்ன நாற்காலி. "கைய கட்டு." கட்டினால் ஒரு சிப்ஸ். "கண்ணைப் பாரு." பார்த்தால் ஒரு சிப்ஸ். கையை உதறினால் கையைப் பிடித்து அழுத்துவார்கள். மூன்றாவது மாதம் அவன் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். சிப்ஸுக்கு. பிள்ளை என் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு விலை நிர்ணயம் ஆகியிருந்தது. வீட்டில் நான் என் பங்குக்கு எக்செல்லில் ஸ்டார் சார்ட் போட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்தேன்.

இந்த முறையின் பூர்வீகம் ஐவர் லோவாஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருந்தவர். 1960களில் பிள்ளைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தவர். 1965இல் லைஃப் பத்திரிகை அவர் பிள்ளைகளை அறைவதைப் படத்தோடு வெளியிட்டது, கண்டனமாக அல்ல, புதிய நம்பிக்கையாக. 1987இல் வந்த அவருடைய புகழ்பெற்ற ஆய்வில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரணப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டதாகச் சொன்னார். அந்த ஆய்விலும் தொடையில் அடி என்பது முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. இப்போதைய ஏபிஏ மாறிவிட்டது என்கிறார்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சென்டரில் கேள்வி மாறவில்லை. பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வெளியில் எப்படித் தெரிகிறான் என்பதை மட்டும் அளந்தார்கள். கை உதறாமல் உட்கார்ந்தால் முன்னேற்றம். அவன் உள்ளே எரிந்துகொண்டிருந்தாலும் சார்ட்டில் அது முன்னேற்றம்தான்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, பெற்றோர் குழுக்களில் கூட இதைப் பேசத் தயங்குகிறார்கள். பள்ளியில் வருடத்துக்கு ஒருநாள் குட் டச், பேட் டச் வகுப்பு எடுக்கிறோம். யாராவது தொட்டால் "வேண்டாம்"னு சத்தமா சொல்லு என்கிறோம். 2012இன் போக்சோ சட்டத்தைப் பற்றி போஸ்டர் ஒட்டுகிறோம். மிச்சமுள்ள நாளெல்லாம் அதே பிள்ளை "வேண்டாம்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அதை உடைக்கிறோம். மாமாவுக்கு முத்தம் கொடு. வேண்டாம். குடுறா, பெரியவங்க கேட்டா குடுக்கணும். எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் சட்டென்று கீழ்ப்படியும்படி ஒரு பிள்ளையைப் பழக்கி முடித்துவிட்டால், அந்தப் பெரியவர் யார் என்பதை நாம் எப்போதும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நன்றாகப் பேச வராத பிள்ளைக்கு அவனுடைய "மாட்டேன்"தான் ஒரே கதவு. அதன் தாழ்ப்பாளைக் கழற்றுவதற்கு நான் மாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

*

நம் சினிமா இவர்களிடம் கருணையாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. 2007இல் 'தாரே ஜமீன் பர்' படத்தில் எழுத்துகள் தடுமாறும் பையன் ஓவியப் போட்டியில் ஜெயிக்க வேண்டியிருந்தது. 2013இல் 'ஹரிதாஸ்' படத்தில் ஆட்டிசம் உள்ள பையன் மாரத்தான் ஓட வேண்டியிருந்தது. இரண்டையும் பார்த்து நான் அழுதிருக்கிறேன். ரிப்போர்ட் வந்த வாரத்தில் வந்த ஆறுதல்கள் எல்லாம் அதே வகை. "ஐன்ஸ்டைனுக்குக் கூட இருந்துச்சாம். ஏதாவது ஒரு டேலன்ட் இருக்கும், கண்டுபிடிங்க." என் மகனிடம் அப்படி எதுவும் இல்லை. சுமாராகப் படம் வரைவான், சுமாராக ஓடுவான். ஒன்றிலும் ஜெயிக்காத பிள்ளைக்கு மரியாதை எந்தக் காட்சியில் வரும்?

இவர்களுக்கு மற்றவர்களின் மனம் புரியாது என்றும் சொல்வார்கள். தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் 2012இல் இதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். சாக்ஸ் காலையை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு வலிப்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு ரிலீஸ் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

*

வழக்கமான மறுப்புகள் மூன்று.

"அப்போ எதுவும் சொல்லாம அப்படியே விட்டுடறதா?" இல்லை. எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்காத பட்டியல் ஒன்று உண்டு. ரோடு, அடுப்பு, மருந்து, அடுத்தவர் உடம்பு. நான்குதான். மீதி எல்லாம் பேரம். புதினா வாசனை இல்லாத பேஸ்ட். இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளியல். எட்டு மாதம் இரவில் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. "ஷூ போடு" என்பதற்குப் பதிலாக "ஷூ கதவுகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. "கிளம்பலாமா?" என்று இனிப்பாகக் கேட்டு ஏமாற்ற முடியாது, அது கேள்வி இல்லை என்று அவனுக்குத் தெரியும். இதைச் செல்லம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து இருந்து பாருங்கள். மெல்ட்டவுன் வரும்போது அவன் கடித்த பல் தடம் என் முன்கையில் இருக்கிறது. கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை விடக் கத்துவது பல மடங்கு சுலபம்.

"நாளைக்கு உலகம் இவனுக்கு வளைஞ்சு குடுக்குமா?" எனக்கு வளைந்து கொடுத்திருக்கிறதே. மகனின் ரிப்போர்ட்டைப் படித்த பிறகு நானும் போய்ப் பார்த்தேன், 34 வயதில் எனக்கும் ஏடிஎச்டி என்றார்கள். ஆபீஸில் நாள் முழுக்கச் சத்தம் தடுக்கும் ஹெட்போன் போட்டிருப்பேன். "வாயால சொல்லாதீங்க, டிக்கெட்டா போடுங்க" என்பேன். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு நடந்துகொண்டே பேசுவேன். வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. யாரும் என்னை அடம்பிடிப்பவன் என்று சொன்னதில்லை, ஃபோகஸ் உள்ளவன் என்று அப்ரைசலில் எழுதினார்கள். இதையே என் மகன் வகுப்பில் கேட்டால், காதைப் பொத்திக்கொண்டால், எழுந்து நடந்தால், டைரியில் சிவப்பு மையில் வருகிறது. சம்பளம் வாங்குகிறவனுக்கு வசதி, பீஸ் கட்டுகிறவனுக்கு ஒழுங்கு நடவடிக்கை.

"நாங்கல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லா இல்லையா?" என் அப்பா பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாத்தியார் சொல்லைக் காப்பாற்றினார். அடியாத மாடு படியாது என்பது எங்கள் வீட்டில் பழமொழி இல்லை, கால அட்டவணை. நல்லா இருக்கிறேனா? ஆறு வயதுப் பிள்ளையின் முதுகில், சாக்ஸுக்காக, நான் கை வைத்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அதுதான்.

*

நான்காவதாக ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். இதெல்லாம் ஐடி சம்பளக்காரனின் சொகுசு. ஒரே அறை வாடகை வீட்டில், ஏழு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டிய ஒரு அம்மா எப்படிப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள்? உண்மை. ஆனால் அவளுக்கு இல்லாமல் போவது எது? மகன் பஸ்ஸில் கத்தும்போது திரும்பிப் பார்க்காத நாற்பது பேர். "பிள்ளையை அடக்குங்க, இல்லன்னா காலி பண்ணுங்க" என்று சொல்லாத ஹவுஸ் ஓனர். அவை விலைக்கு வருவதில்லை. அவளைக் கை ஓங்க வைப்பதில் பாதி நம்முடைய பார்வைதான். அன்று அத்தை சோபாவில் இல்லாதிருந்தால் நான் அடித்திருப்பேனா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடித்த கை என்னுடையது.

மீதிப் பாதி சட்டத்தின் வேலை. சட்டம் இருக்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்று பிரிவு 16 சொல்கிறது. சிறப்பு ஆசிரியர் ஒருவருக்குத் தொடக்கப் பள்ளியில் 10 மாணவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. எங்களுக்கு நடந்தது என்ன? பிரின்சிபல் அறையில் ஏசி குளிரில் உட்காரவைத்து, "உங்க செலவுல ஒரு ஷேடோ டீச்சர் போட்டுக்குங்க, இல்லன்னா அவனுக்கு ஏத்த இடமாப் பாருங்க" என்றார்கள். சான்றிதழ் வாங்கப் போனோம். 40 கேள்விகள், அவன் முன்னாலேயே. அதில் வரும் மதிப்பெண்ணைச் சதவீதமாக்குகிறார்கள். முக்கியச் சலுகைகள் 40 சதவீதத்தில் தொடங்குகின்றன. என் மகன் எத்தனை சதவீதம் சிரமப்படுகிறான் என்று நான் ஒரு அதிகாரியிடம் நிரூபித்துக்கொண்டிருக்க, அவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஃபேன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பிரேயர் முடிந்த பிறகு வகுப்புக்கு வர அனுமதி. சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை. கரும்பலகையில் அன்றைய நாளின் வரிசை. ஒருமுறை சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கும் ஒரு நிமிடம். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டு விழா மேடையின் செலவு ஆகாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் இவை நல்லதுதான் செய்யும்.

சாக்ஸ் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தீர்த்தது அவன்தான். ஒருநாள் சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தையல் வெளியே இருந்தது, விரலில் படவில்லை. ஒரு வருடமாக எனக்குத் தோன்றாத யோசனை. அந்த வாரமே டைரியில் குறிப்பு வந்தது: சீருடை சரியாக அணிந்து வரவும், சாக்ஸ் திருப்பிப் போடப்பட்டுள்ளது. பதில் எழுதினேன். அப்படித்தான் போடுவான், தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அந்தக் காலைக்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். இப்போது அவனுக்கு எட்டு வயது. நீளமாகப் பேசினேன், அவனுக்குப் புரிய வேண்டும் என்று. கேட்டுவிட்டு "சரி, ஃபேனை ஆஃப் பண்ணு" என்றான். ஆஃப் பண்ண எழுந்தேன். சுவிட்ச் அவன் தலைக்கு மேலே இருந்தது. நான் கையைத் தூக்கியபோது அவன் கை பாதி வரை போய் நின்றது.